சோலார் பத்திரத்தில் நான் ஏன் கையெழுத்துப் போடவில்லை



பதிவு நீளம். பாதியில் நிறுத்திவிட்டு 'சூப்பர் சார்' என்று கமெண்ட் போடுகிறவர்கள் தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். முழுசாகப் படித்துவிட்டு வேண்டுமானால் திட்டுங்கள். வகுப்பில் திட்ட முடியாமல் போனதையும் சேர்த்துத் திட்டிக்கொள்ளலாம்.

விஷயம் இதுதான். நம் ஊர்க் கண்மாய்க்கு மேற்கே, ஓடையின் இரண்டு பக்கமும், ஏறத்தாழ 600 ஏக்கர் கரிசலை ஒரு சோலார் கம்பெனி குத்தகைக்குக் கேட்கிறது. கம்பெனி நேரில் வரவில்லை. வெள்ளைச் சட்டை போட்ட ஏஜெண்டுதான் வீடு வீடாக வருகிறார். எங்கள் குடும்பத்துக்கு அந்த இடத்தில் 11 ஏக்கர். கூட்டுப் பட்டா, ஏழு பேர் பெயர். ஆறு பேர் சம்மதம் சொல்லிவிட்டார்கள். ஏழாவது ஆள் நான். மூன்று வாரமாகச் சென்னை, பெங்களூரு, துபாய் என்று எல்லாத் திசையிலிருந்தும் போன். "சித்தப்பா, உங்க ஒரு கையெழுத்துக்காக எல்லாரும் நிக்கிறோம்." போன ஞாயிற்றுக்கிழமை குடும்ப குரூப்பில் ஒரு மருமகன் எழுதினான்: "மாமா அந்தக் காலத்து மனுஷன், விடுங்க. ரெண்டு மாசத்துல தானா வருவாரு."

வரமாட்டேன் மருமகனே. காரணத்தை இங்கே எழுதுகிறேன். குடும்ப விஷயத்தை ஏன் பொதுவில் போடுகிறீர்கள் என்று கேட்பீர்கள். அந்த 600 ஏக்கரில் பாதிக்கு மேல் என்னிடம் கணக்குப் படித்த பிள்ளைகளின் அப்பாமார் பெயரில் இருக்கிறது. அவர்களுக்கும் இதே பத்திரம், இதே போன், இதே 'ரெண்டு மாசத்துல தானா வருவாரு' போய்க்கொண்டிருக்கிறது. அதனால்தான்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். சூரிய மின்சாரத்துக்கு நான் எதிரி இல்லை. என் வீட்டு மாடியில் 3 கிலோவாட் போட்டிருக்கிறேன். பி.எம். சூர்ய கர் திட்டத்தில் 78,000 ரூபாய் மானியம் வந்தது. மிக்ஸி, மோட்டார், பேரன் வந்தால் ஏ.சி. எல்லாம் அதில்தான் ஓடுகிறது. நிலக்கரியை எரித்துக்கொண்டே இருக்க முடியாது என்பதை உங்களுக்கு எட்டாம் வகுப்பிலேயே சொல்லியிருக்கிறேன். வெயிலுக்கு நம் மாவட்டத்தில் பஞ்சமும் கிடையாது. கமுதி பக்கம் செங்கப்படையில் 2016-ல் திறந்தார்களே, 648 மெகாவாட், சுமார் 2,500 ஏக்கர், 25 லட்சம் பலகைகள், அது அன்றைக்கு உலகத்திலேயே ஒரே இடத்தில் அமைந்த மிகப் பெரிய நிலையம் என்றார்கள். போய்ப் பார்த்தேன். அசந்துதான் போனேன். ஆகவே 'வாத்தியாருக்கு விஞ்ஞானம் பிடிக்காது' என்ற கதையை விட்டுவிடுவோம்.

என் சண்டை பலகையோடு இல்லை, பத்திரத்தோடு. அதற்கு முன்னால் 'சும்மா கிடக்கிற நிலம்தானே' என்ற அந்த ஒரு வாக்கியத்தோடு.

இந்த வாக்கியத்தை எல்லோரும் சொல்கிறீர்கள். எப்படி வந்தது தெரியுமா? நீங்கள் ஊருக்கு வருவது மே மாதத்தில். பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை, அம்மன் கோயில் பொங்கல், இரண்டு நாள் தங்கிவிட்டுக் காரைத் திருப்பிவிடுவீர்கள். மே மாதக் கரிசலைப் பார்த்தால் வெடிப்பும் புழுதியும் காய்ந்த பருத்திமாரும்தான் தெரியும். புரட்டாசியில் வந்திருக்கிறீர்களா? முதல் மழைக்கு முன்னாலேயே வானத்தை நம்பிப் புழுதி விதைப்பு நடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு உளுந்து, பாசி, சோளம், குதிரைவாலி, பருத்தி எல்லாம் ஒன்றாக எழும்பும். தையில் பயறு வீட்டுக்கு வரும். மாசி, பங்குனியில் மிளகாய்ப் பழம் களத்தில் காயும். பருத்தி சித்திரை வரைக்கும் எடுப்பு. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தபோது இதே குரூப்பில் பட்டாசுப் படம் போட்டவர்கள்தான் நீங்கள். அந்த மிளகாய் எங்கே விளைகிறது என்று நினைத்தீர்கள்?

சரி, மே மாதத்துக்கே வருவோம். அந்த மே மாதத்திலும் நிலம் சும்மா கிடப்பதில்லை. கீதாரிகள் ஆட்டுக்கிடை போடுகிறார்கள். பகலெல்லாம் தாளையும் உதிர்ந்த இலையையும் மேய்ந்துவிட்டு, ராத்திரி ஒரு காட்டில் அடைகிற ஆடுகளின் புழுக்கையும் மூத்திரமும்தான் அடுத்த வருட உரம். நிலத்துக்காரர் ராத்திரிக்கு இவ்வளவு என்று கீதாரிக்குக் காசு கொடுப்பார். மேய்ச்சல் இலவசம். இதில் எந்தப் பத்திரமும் கிடையாது, ரசீதும் கிடையாது. அதனால் ஏஜெண்டின் கணக்கில் இது வராது. உங்கள் கணக்கிலும் வராமல் போனதுதான் எனக்கு வருத்தம். என்னிடம் பத்தாம் வகுப்பு படித்து இன்று கோயம்புத்தூரில் மெஷின் ஷாப்பில் சூப்பர்வைசராக இருக்கிற ஒருவனுடைய அப்பா கீதாரிதான். அந்த ஆடுகளை விற்றுத்தான் அவனுக்கு ஐ.டி.ஐ. பீஸ் கட்டினார்.

பிறகு கூலிக்குப் போகிற பெண்கள். மிளகாய் போட்ட ஏக்கருக்குக் களையெடுப்பு இரண்டு தடவை, பழம் பறிப்பு நாலைந்து தடவை, காயவைத்துப் பிரிப்பது தனி. பருத்திக்கும் இப்படியே. வேலை முடிந்து போகும்போது பருத்திமாரை அடுப்புக்குக் கட்டிக்கொண்டு போவார்கள். நூறு நாள் வேலை இல்லாத மாதங்களில் எங்கள் தெருவில் பத்துப் பன்னிரண்டு வீட்டில் அடுப்பு எரிவது இதனால்தான். ஒரு செண்ட் நிலம் அவர்கள் பெயரில் கிடையாது. வாடகை போகப்போவது துபாய் அக்கவுண்டுக்கு. வேலி வரப்போவது இவர்கள் வாசலுக்கு.

கருவேலம் மண்டின இடமும் இருக்கிறது, மறுக்கவில்லை. கிழக்கு ஓரமாக நூறு ஏக்கருக்கு மேல் இருக்கும். அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிறவர்களும் இருக்கிறார்கள் என்றாலும், அங்கே பலகை நடுவதாக இருந்தால் நான் குறுக்கே நிற்கமாட்டேன். ஆனால் கம்பெனி கேட்பது அதை மட்டும் இல்லை. ஒரே சதுரமாக, நல்ல காட்டையும் சேர்த்து, ஓடையையும் உள்ளே போட்டுக் கேட்கிறது. கருவேலத்தைக் காட்டி மிளகாய்க்காட்டை எடுக்கிறார்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன், கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். நம் 11 ஏக்கரில் நாலு ஏக்கர் ஏன் தரிசாகக் கிடக்கிறது? அண்ணன் இறந்த பிறகு பிள்ளைகள் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வாரத்துக்கு விடுங்கள் என்றேன், 'அப்புறம் அவங்க உரிமை கொண்டாடுவாங்க சித்தப்பா' என்றீர்கள். உழக் கேட்டு வந்தவரை விரட்டிவிட்டு, பத்து வருடம் கழித்து 'தரிசாத்தானே கிடக்கு' என்கிறீர்கள். ஊரிலேயே இருந்து உழுகிறவரை நம்பாதவர்கள், முகம் தெரியாத கம்பெனிக்கு முப்பது வருடம் கொடுக்கத் தயாராக இருக்கிறீர்கள்.

இனிமேல்தான் முக்கியமான இடம். கவனமாகப் படியுங்கள்.

ஒரு கல்குவாரி வரவேண்டுமென்றால், ஒரு அனல்மின் நிலையம் வரவேண்டுமென்றால், சுற்றுச்சூழல் அனுமதி என்று ஒன்று உண்டு. பெரிய திட்டமானால் கலெக்டர் தலைமையில் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கும். மைக் பிடித்துப் பேசலாம், சண்டை போடலாம், மனு கொடுக்கலாம். சோலார் பலகை நிலையத்துக்கு இதெல்லாம் கிடையாது. 2006-ம் வருடச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் அது இல்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2016-ல் அதை 'வெள்ளை' வகையில் வைத்துவிட்டது. புகை இல்லை, கழிவு இல்லை, சத்தம் இல்லை என்பதால் அப்படி வைத்தார்கள். புகையைப் பொறுத்தவரை அது நியாயம்தான். ஆனால் ஆடு எங்கே மேயும், தண்ணீர் எங்கே ஓடும், கூலிக்கு எங்கே போவது என்ற கேள்விகளைக் கேட்க ஒரு மேடைகூட இல்லாமல் போய்விட்டது. ஊர் தன் சந்தேகத்தைச் சொல்ல மிச்சம் இருக்கிற ஒரே இடம் பட்டாதாரரின் கையெழுத்து. அந்தக் கையெழுத்தையும் பெங்களூருவில் உட்கார்ந்துகொண்டு ஆதார் ஓ.டி.பி. மாதிரி அனுப்பிவிட்டால், அப்புறம் கேட்க யார் இருக்கிறார்கள்?

அதனால்தான் என் பெயருக்கு எதிரே இருக்கிற அந்தக் காலி இடத்தை நான் லேசாக நினைக்கவில்லை.

தண்ணீர் விஷயத்தைச் சொல்கிறேன். நம் பக்கத்துக் கண்மாய்கள் தனித்தனிக் குளங்கள் கிடையாது. மேலக் கண்மாய் நிறைந்து கலுங்கு பாய்ந்தால்தான் அடுத்த கண்மாய்க்குத் தண்ணீர். அது நிறைந்தால் அதற்கடுத்தது. கடைசியில் மிச்சம் குண்டாற்றுக்குப் போகும். நடுவில் இருக்கிற வரத்துக்கால் ஒன்று அடைத்தால் கீழே உள்ள அத்தனை ஊருக்கும் அடைத்த மாதிரி. அந்த 600 ஏக்கருக்கு நடுவே பெரிய ஓடை ஒன்றும், பிரிவு ஓடைகள் மூன்றும் போகின்றன. பெரிய மழைக்கு இரண்டு நாள் மூன்று நாள்தான் ஓடும். மற்ற நாளில் பார்த்தால் பள்ளம் மாதிரி இருக்கும். பலகை நடுகிறவர்களுக்குச் சமதளம் வேண்டும். ஜே.சி.பி. ஓட்டுகிறவருக்கு அது பள்ளம், மண்ணைத் தள்ளி மூடிவிடுவார். நம் கண்மாய் நிறையவில்லை என்று தெரிய ஒரு ஐப்பசி வேண்டும். ஏன் நிறையவில்லை என்று கண்டுபிடிக்க இன்னொரு ஐப்பசி. அதற்குள் வேலியும் கேமராவும் வந்திருக்கும்.

ஏஜெண்டு காட்டிய வரைபடத்தில் ஓடை இல்லை. நான் விரல் வைத்துக் காட்டி, "தம்பி, இங்கே ஒரு ஓடை இருக்கணுமே" என்றேன். "அதெல்லாம் டெக்னிக்கல் டீம் பார்த்துக்குவாங்க சார்" என்றார். புலப்படத்தையும் 'அ' பதிவேட்டையும் எடுத்துப் பார்த்தால் ஓடைப் புறம்போக்கு எது, வண்டிப்பாதை எது என்று சர்வே எண்ணோடு இருக்கிறது. அதைக் குத்தகைக்குக் கொடுக்க நம்மில் யாருக்கும் உரிமை கிடையாது. வேலிக்குள் வைக்கக் கம்பெனிக்கும் உரிமை கிடையாது. தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய்ப் பாதுகாப்புக்கென்றே 2007-ல் சட்டம் இருக்கிறது. சட்டம் இருக்கிறது என்பதும், வேலி போட்ட பிறகு அதைப் பிரிக்க முடியும் என்பதும் வேறு வேறு விஷயம்.

இப்போது பத்திரம். குரூப்பில் பி.டி.எஃப். ஆக வந்தது, 23 பக்கம், முழுக்க ஆங்கிலம். எத்தனை பேர் படித்தீர்கள் என்று கேட்டேன். நாலு பேர் கட்டைவிரலைக் காட்டினார்கள். படித்தேன் என்ற அர்த்தமா, பார்த்தேன் என்ற அர்த்தமா தெரியவில்லை. நான் இரண்டு தடவை படித்தேன், அகராதியோடு.

காலம் 29 வருடம் 11 மாதம். ஏன் அந்த ஒரு மாதக் குறைவு? நம் மாநிலத்தில் 30 வருடத்துக்குக் குறைந்த குத்தகைக்கு முத்திரைத் தீர்வை 1 சதவீதம், அதைத் தாண்டினால் 4 சதவீதம். ஒரு மாதத்தைக் குறைத்து முக்கால்வாசித் தீர்வையை மிச்சம் பிடிக்கத் தெரிந்தவர்கள் எழுதிய பத்திரம் இது. தப்பு சொல்லவில்லை, கெட்டிக்காரத்தனம். எதிரே உட்கார்ந்திருக்கிற நாமும் அதே கெட்டிக்காரத்தனத்தோடு படிக்க வேண்டும் என்கிறேன்.

வாடகை ஏக்கருக்கு வருடம் 25,000. அது எப்போதிலிருந்து? மின்சாரம் விற்பனைக்குப் போகிற நாளிலிருந்து. அது என்றைக்கு என்று தேதி இல்லை. அதுவரை ஏக்கருக்கு 2,000 டோக்கன். டோக்கன் வாங்கிய நாளிலிருந்து நீங்கள் உழக்கூடாது, வேறு யாருக்கும் விடக்கூடாது. கம்பெனி மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து எப்போது வேண்டுமானாலும் விலகலாம். நிலத்துக்காரர் விலக முடியாது. குத்தகை உரிமையைக் கம்பெனி வங்கியில் அடமானம் வைக்கலாம், வேறு கம்பெனிக்கு மாற்றலாம், நம்மிடம் சொன்னால் போதும், கேட்க வேண்டியதில்லை. இத்தோடு ஒரு பொது அதிகாரப் பத்திரமும் எழுதிக் கொடுக்க வேண்டும். தகராறு வந்தால் மும்பையில் மத்தியஸ்தம். கமுதி கோர்ட்டுக்கே பஸ் செலவுக்கு யோசிக்கிற ஆட்களுக்கு மும்பை! முப்பது வருடம் கழித்துப் பலகை, இரும்புத் தூண், பூமிக்குள் இருக்கிற கேபிள், கான்கிரீட் எல்லாவற்றையும் யார் எடுப்பது? 'கம்பெனி தன் பொருட்களை எடுத்துக்கொள்ளலாம்' என்று இருக்கிறது. எடுத்துக்கொள்ளலாம். எடுத்தாக வேண்டும் என்று இல்லை. ஒரே ஒரு சொல் வித்தியாசம்தான். தமிழாசிரியர் இருந்திருந்தால் அதற்கு மட்டும் ஒரு பீரியட் எடுத்திருப்பார்.

நான் கணக்கு வாத்தியார், அதனால் கணக்குக்கு வருகிறேன். வாடகை மூன்று வருடத்துக்கு ஒரு தடவை 5 சதவீதம் ஏறும் என்று இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது. முப்பது வருடத்தில் எத்தனை தடவை ஏறும்? ஒன்பது தடவை. 25,000-ஐ ஒன்பது தடவை 1.05 ஆல் பெருக்குங்கள். கடைசி வருட வாடகை 38,783 ரூபாய். இப்போது விலைவாசி வருடத்துக்கு 5 சதவீதம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், அது அதிகமான அனுமானம் இல்லை. இன்றைய 25,000 ரூபாய்க்கு வாங்குகிற சாமானை வாங்க அன்றைக்கு ஒரு லட்சத்து மூவாயிரம் ரூபாய் வேண்டும். கையில் வருவது 38,783. அதாவது இன்றைய மதிப்பில் சுமார் 9,400 ரூபாய். வாடகை ஏறுவதாகப் பத்திரம் சொல்கிறது. உண்மையில் வருடா வருடம் இறங்குகிறது. 1985-ல் நான் வேலைக்குச் சேர்ந்தபோது பள்ளிக்கூட வாசல் டீ ஐம்பது பைசா. ரிட்டயர் ஆனபோது ஏழு ரூபாய். அந்தக் காலத்தில் யாராவது என்னிடம் டீயை முப்பது வருடத்துக்கு 78 பைசாவுக்கு மேல் ஏற்றமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டிருப்பேன். இங்கே டீ குடிப்பது கம்பெனி, கடைக்காரர் நாம்.

அடுத்த பக்கத்துக் கணக்கையும் போட்டுவிடலாம். ஒரு மெகாவாட்டுக்கு ஏறத்தாழ ஐந்து ஏக்கர். வருடத்துக்குச் சுமார் 16 லட்சம் யூனிட் வரும். யூனிட் இரண்டரை ரூபாய் என்று குறைத்தே வைத்தாலும் 40 லட்சம். அந்த ஐந்து ஏக்கருக்கு நமக்கு வருவது ஒன்றேகால் லட்சம். நூற்றுக்கு மூன்று. கோடிக்கணக்கில் முதல் போடுகிறவர்கள், வங்கிக்கு வட்டி கட்டுகிறவர்கள், லாபம் எடுக்கட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் மின்சார விலை கூடினாலும் குறைந்தாலும் நமக்கு அதே மூன்று, அதுவும் தேய்ந்துகொண்டே. வேறொன்றும் உண்டு, பெங்களூரு மருமகன்கள் கவனிக்கவும். விவசாய வருமானத்துக்குத்தான் வருமான வரி விலக்கு. பலகை நட்ட நிலத்தின் வாடகை விவசாய வருமானம் ஆகாது. உங்கள் சம்பளத்தோடு சேர்ந்து, நீங்கள் எந்த வரிப்படியில் இருக்கிறீர்களோ அதில் போகும்.

'கர்நாடகாவில் கொடுத்தார்களே, நன்றாகத்தானே இருக்கிறார்கள்' என்று தும்கூரு மாவட்டம் பாவகடாவைக் காட்டுகிறீர்கள். நல்ல உதாரணம்தான், எடுத்துக்கொள்வோம். சுமார் 13,000 ஏக்கர், 2,050 மெகாவாட். நிலத்தை வாங்காமல் குத்தகைக்கு எடுத்தார்கள். ஏக்கருக்கு வருடம் 21,000, இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை 5 சதவீத உயர்வு, 28 வருடம். தொடர் வறட்சியில் ஊரை விட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த விவசாயிகளுக்கு அது கைகொடுத்தது என்பது உண்மை. பட்டா உள்ளவர்களில் பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். ஆனால் இரண்டு விஷயத்தை நீங்கள் சொல்லாமல் விடுகிறீர்கள். அங்கே குத்தகைக்கு எடுத்தது அரசு அமைத்த நிறுவனம், ஏஜெண்டு இல்லை. நம் பத்திரத்தைவிட அதன் நிபந்தனை நல்லது. இரண்டாவது, அவ்வளவு நல்ல நிபந்தனையிலும் நிலமில்லாத கூலிக்காரர்களும் ஆடு மேய்க்கிறவர்களும் வெளியேதான் நின்றார்கள். அங்கே போய் எழுதிய நிருபர்கள், ஆய்வாளர்கள் பலரும் இதை எழுதியிருக்கிறார்கள். காட்டு வேலை போய்விட்டது. பதிலுக்குக் கிடைத்த வாட்ச்மேன் வேலை, புல் வெட்டுகிற வேலை எல்லாம் கொஞ்சம் பேருக்குத்தான். செங்கப்படையிலும் கட்டும்போது ஆயிரக்கணக்கில் ஆள் இருந்தார்கள், எட்டே மாதத்தில் கட்டி முடித்தார்கள். முடிந்த பிறகு பலகை துடைக்கக்கூட ரோபோ. 'உள்ளூர் மக்களுக்கு வேலைவாய்ப்பு' என்று நம் நோட்டீசில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. எத்தனை பேருக்கு, எத்தனை வருடத்துக்கு என்று பத்திரத்தில் ஒரு வரி காட்டுங்கள், பார்க்கலாம்.

கையெழுத்துப் போடாமல் இருக்கிறவர்கள் கதி என்ன என்பதையும் யாரும் பேசவில்லை. நாலு பக்கமும் உள்ளவர்கள் கொடுத்துவிட்டால், நடுவில் மூன்று ஏக்கர் வைத்திருக்கிறவர் தன் காட்டுக்குப் போக வண்டிப்பாதை இருக்காது. வேலியைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் நடப்பார். டிராக்டர் போகாது, அறுவடை வண்டி போகாது. ஒரு வருடம் பார்ப்பார், இரண்டு வருடம் பார்ப்பார், பிறகு ஏஜெண்டு சொல்கிற விலைக்கு எழுதிக் கொடுத்துவிடுவார். நீங்கள் கொடுப்பது உங்கள் நிலத்தை மட்டும் என்று நினைக்காதீர்கள். பக்கத்துக் காட்டுக்காரரின் கழுத்தில் கயிறு போடுகிற வேலையையும் சேர்த்தே செய்கிறீர்கள். அந்தப் பக்கத்துக் காட்டுக்காரர் யார் என்று பட்டா எண்ணை வைத்துப் பாருங்கள். உங்களோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவனின் அப்பாவாக இருக்கும்.

இதற்கெல்லாம் எதிராக ஒரு வாதம் இருக்கிறது. அதற்கு மட்டும் நான் தலை வணங்குகிறேன். அது நம் அக்காவின் வாதம். மாமா போய்விட்டார், பையன் சரியில்லை. அவள் பங்கு ஒன்றரை ஏக்கர் சொச்சம். வருடத்துக்கு நாற்பதாயிரம் என்பது அவளுக்கு மருந்துச் செலவு. "நீ பென்சன் வாங்குறவன்டா, உனக்கு ஆடும் ஓடையும் தெரியும். எனக்கு மாத்திரை டப்பாதான் தெரியுது" என்று போனில் சொன்னாள். அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை. ஆகவே அக்காவுக்கு மட்டும் தனியாகச் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன். அவள் பங்கை இந்தப் புரட்டாசியிலிருந்து நான் வாரத்துக்கு எடுத்துக்கொள்கிறேன். விளைந்தாலும் விளையாவிட்டாலும் அவளுக்கு மாதம் 3,500 என் பென்சனிலிருந்து போகும். இதில் பெருமை ஒன்றும் இல்லை, அவள் கையால் சோறு தின்று வளர்ந்தவன் நான். ஆனால் மற்ற ஐந்து பேரையும் பார்த்துக் கேட்கிறேன்: 'அத்தைக்காகத்தான் கேட்கிறோம்' என்று குரூப்பில் எழுதினீர்களே, அத்தைக்கு மாதம் ஆயிரம் ரூபாய் ஜி.பே. செய்ய எந்தப் பத்திரம் தேவைப்படுகிறது?

'வேண்டாம் என்று மட்டும் சொல்கிறீர்கள், வழி சொல்லுங்கள்' என்று ஒரு மாணவன் இன்பாக்ஸில் கேட்டான். கேட்டது நல்லது. 2019-ல் மத்திய அரசு கொண்டுவந்த பி.எம். குசும் திட்டத்தின் முதல் பிரிவைப் படித்துப் பார். துணைமின் நிலையத்துக்கு ஐந்து கிலோமீட்டருக்குள், 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை, விவசாயிகளோ, விவசாயிகள் குழுவோ, கூட்டுறவுச் சங்கமோ, உழவர் உற்பத்தியாளர் அமைப்போ, பஞ்சாயத்தோ தாங்களே நிலையம் வைக்கலாம். விளைகிற நிலமானால் பலகையை உயரமான கால்களின் மேல் நட்டுக் கீழே பயிர் செய்ய வேண்டும் என்று அதிலேயே சொல்லியிருக்கிறது. முதல் போட வசதி இல்லையென்றால் வேறு ஒருவருக்குக் குத்தகைக்கு விடலாம். அப்போதும் வாடகையை ஏக்கர் கணக்கிலோ, உற்பத்தியாகும் யூனிட் கணக்கிலோ பேசலாம். அந்த வாடகையை மின்வாரியமே நிலத்துக்காரர் கணக்கில் நேராகப் போட்டுவிட்டு, மிச்சத்தைத்தான் கம்பெனிக்குக் கொடுக்கும். யூனிட்டுக்கு இவ்வளவு என்பது நடக்காத காரியம் என்று ஏஜெண்டு என்னிடம் சிரித்தார். அரசாங்கமே எழுதி வைத்திருக்கிறது.

சுலபம் என்று சொல்லவில்லை. அலைய வேண்டும், வங்கியில் நிற்க வேண்டும், சங்கம் என்றால் நமக்குள் சண்டை வரும். ஆனால் கிழக்கு ஓரக் கருவேலங்காட்டில் பத்து ஏக்கரில் 2 மெகாவாட் வைத்தால் ஓடைக்கும் மிளகாய்க்கும் ஒரு கெடுதியும் இல்லை. என் மாணவர்களில் மின்வாரிய உதவிப் பொறியாளர் இருக்கிறீர்கள், இரண்டு பேர் வங்கி மேலாளர், ஒரு ஆடிட்டர், மதுரையில் வக்கீல்கள் மட்டும் ஐந்து பேர். வருடா வருடம் பழைய மாணவர் சந்திப்பில் பிரியாணி போட்டு எனக்குப் பொன்னாடை போர்த்துகிறீர்கள். பீரோவில் பொன்னாடை வைக்க இடமில்லை. இந்த வருடம் அதற்குப் பதிலாக இந்தப் பத்திரத்தைப் பாருங்கள்.

அப்படியும் இதே கம்பெனிக்குத்தான் கொடுப்போம் என்கிறவர்கள் குறைந்தபட்சம் இவற்றையாவது கேளுங்கள். பத்திரம் தமிழில் வரட்டும். ஓடையும் வண்டிப்பாதையும் சர்வே எண்ணோடு வேலிக்கு வெளியே என்று எழுதட்டும். வாடகை ஒவ்வொரு வருடமும் ஏறட்டும். பொது அதிகாரம் கிடையாது என்று அடித்துவிடுங்கள். பலகையை அகற்றும் செலவுக்கு இன்றைக்கே வங்கி உத்தரவாதம் வைக்கச் சொல்லுங்கள். தகராறு நம் மாவட்ட நீதிமன்றத்தில். இத்தனைக்கும் ஒத்துக்கொண்டால் அன்றைக்கு என் பேனாவைத் திறக்கலாமா என்று நானும் யோசிக்கிறேன். கீதாரியும் கூலிக்காரப் பெண்களும் அந்தப் பேச்சில் உட்கார்ந்திருந்தால்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குக் கண்மாய்க்கரை ஆலமரத்தடியில் இருப்பேன். புலப்பட நகல் எடுத்து வைத்திருக்கிறேன், ஓடையை எல்லோரும் நடந்தே பார்த்துவிட்டு வரலாம். தொப்பி, தண்ணீர் பாட்டில் கொண்டுவாருங்கள். 23 பக்கத்தையும் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன், 14 பக்கம் முடிந்தது. மீதியை மொழிபெயர்க்க வக்கீல் தம்பிகள் யாராவது உதவினால் நல்லது. போன் செய்கிறவர்கள் மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை செய்ய வேண்டாம், தூங்குவேன்.